வேலூர்ப் பள்ளியில் பனிக்கால வாசிப்பு மூலை வைக்கலாமா?

குடியாத்தம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு வாசிப்பு மூலையைப் பனிக்காலம் என்ற தலைப்பில் மாற்ற ஆசை, என்ன படப்புத்தகம் வைக்கலாம், என்ன செய்யச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "தேடினால் எல்லாம் பனிமனிதனும் பென்குயினுமாகவே வருகிறது, எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுமா தெரியவில்லை" என்று ஒரு வரி. உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். கொட்டும் பனியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பேன்.

நான் நம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் 22 வருடமாக ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளையே மாற்றி மாற்றி எடுத்து வருகிறேன். எல்லாம் தமிழ் வழி. வகுப்பில் 25 பேரிலிருந்து 30 பேர் வரை இருப்பார்கள். ஆங்கில வழி நர்சரிப் பள்ளிகளில் எனக்குப் பழக்கம் இல்லை, அதனால் கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு மூலை என்பது எங்களுக்குக் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு ஆணி, ஒரு நைலான் கயிறு, துணிக்குப் போடும் கிளிப், கீழே இரண்டு பாய், அவ்வளவுதான்.

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. 'பனி' என்று நாம் சொல்வது ஒன்று, அந்தப் படப்புத்தகங்கள் காட்டுவது வேறொன்று. வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர்கள் மார்கழி, தையை முன்பனி என்றார்கள், மாசி, பங்குனியைப் பின்பனி என்றார்கள். வெண்பனியே விழாத நிலத்தில் நான்கு மாதத்துக்குப் பனியின் பெயர். அவர்கள் சொன்ன பனி விடியலில் வைக்கோல் போரை நனைக்கிறதே, அது. என் வகுப்பில் "பனின்னா என்ன?" என்று கேட்டால் வரும் பதில், "தலையில எறங்கும் டீச்சர், சளி புடிக்கும்." இன்னொருத்தி, "எங்க ஆயா குல்லா போடாம வெளிய போவக்கூடாதுன்னு சொல்லும்." சரியான பதில்தானே. இந்தப் பிள்ளைகளிடம் வெள்ளையாக மூடிக் கிடக்கும் ஒரு தெருவின் படத்தைக் காட்டி "இதுதான் பனி" என்றால், அவர்கள் அறிந்த பனியை நாமே அடித்துவிடுகிறோம். நான் நான்கு சொல்லைச் சுவரில் எழுதி வைத்துவிடுவேன்: புல்லில் நிற்பது பனித்துளி, பாலாற்றங்கரையில் எதிரே வரும் லாரியை மறைப்பது மூடுபனி, மலைநாட்டில் வானத்திலிருந்து விழுவது வெண்பனி, மீன்கடையில் இருப்பது பனிக்கட்டி. பிள்ளைகள் கடைசி இரண்டையும் 'ஐஸ்' என்றே சொல்வார்கள். சொல்லட்டும், ஒரு வாரத்தில் தானாகப் பிரிந்துவிடும்.

இந்தச் சொல் விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், ஒரு சவுக்குக் கிளையைத் தொட்டியில் நட்டு, பஞ்சை உருட்டி உருட்டி ஒட்டி, மூலை முழுவதும் 'பனி' செய்து வைத்தேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து செய்த வேலை. காலையில் முதலில் வந்த பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், யாருக்கு அடிபட்டுச்சு?" என்றான். வேலூர்க்காரப் பிள்ளை, அவனுக்குப் பஞ்சு என்றால் ஆஸ்பத்திரி. மத்தியானத்துக்குள் பஞ்சு எல்லார் தலையிலும் ஏறிவிட்டது. இழுப்பு இருந்த ஒரு குழந்தை இருமத் தொடங்கியதும் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினேன். அதிலிருந்து பஞ்சுக்கும், அதைவிட மோசமான தெர்மோகோல் உருண்டைக்கும் என் வகுப்பில் இடமில்லை.

அதனால் முதல் இரண்டு வாரம் நம் ஊர்ப் பனி. பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்கு மேல் தொடங்கும்போது பனி காய்ந்துவிடுகிறது, எனவே இதை வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, எட்டு பக்கம். காலையில் எழுந்ததும் எதன் மேல் பனி இருந்தது என்று வரைய வேண்டும், ஒரு சொல் எழுத வேண்டும். சைக்கிள் சீட்டு, சிமெண்ட் சீட்டுக் கூரை, அவரைப் பந்தல், சிலந்தி வலை, மாட்டு முதுகு என்று வரும். எழுத்து வராத பிள்ளை படம் மட்டும் போட்டால் போதும். ஒரு ஸ்டீல் தட்டை ராத்திரி வெட்டவெளியிலும், இன்னொன்றை வேப்பமரத்தடியிலும் வைக்கச் சொல்லுங்கள். வெட்டவெளித் தட்டுதான் நன்றாக நனையும். "மரம் பனியைத் தடுத்துடுச்சு" என்பார்கள். அங்கேதான் ஆசிரியர் வேலை. பனித்துளி மேலிருந்து விழுவதில்லை, குளிர்ந்துபோன பொருளின் மேல் காற்றிலுள்ள ஈரமே படிகிறது. மரத்தடியில் தட்டு அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வகுப்புக்கு நடுவில், கூரைக்கடியில் வியர்ப்பதைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். 'பனி பெய்கிறது' என்று நாம் சொல்வது பேச்சுவழக்கு, அதைத் தப்பென்று திருத்த வேண்டியதில்லை.

இந்த இரண்டு வாரத்துக்கு என்ன புத்தகம்? பேருக்குப் 'பனிக்காலப் புத்தகம்' என்று தேடாதீர்கள், தமிழில் அப்படி ஒரு தனி அலமாரி கிடையாது. போர்வை, பாட்டியின் அடுப்பு, விடியல், கம்பளி, ஆடு, பறவைகள் வலசை வருவது, பொங்கல், இப்படி உள்ளுக்குள் குளிர் இருக்கும் படக்கதைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பல மொழிகளில் ஒரே படப்புத்தகத்தைப் போடுகிறது, தமிழும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்டின் பழைய சிறுவர் நூல்கள் மலிவு. கையில் காசே இல்லை என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்ப் படக்கதைகளை நான்கு வாசிப்பு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இறக்கிக்கொண்டு அச்செடுக்கலாம், உரிமப்படியே அதற்கு அனுமதி உண்டு. கலர் அச்சு கையைக் கடிக்கும். நான் கருப்பு வெள்ளையில் எடுத்து, பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்லிவிடுவேன். தான் வண்ணம் தீட்டிய பக்கத்தை ஒரு பிள்ளை எத்தனை தடவை புரட்டுகிறது என்று பாருங்கள். பள்ளிக்கு வந்திருக்கும் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் இருக்குமே, அவற்றில் 'நுழை' நூல்களையும் கயிற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கதைக்கும் நம்மிடம் குறைவில்லை. குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகன் கதையை ஏழு வயதுப் பிள்ளை அப்படியே நம்பும். "மயிலு போத்திக்கிச்சா?" என்றுதான் கேட்கும். பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடையின் தொடக்கம் முழுக்கக் குளிர்தான்: மாடு மேய்ச்சலை மறக்கும், குரங்கு கூனிக் குறுகும், பறவைகள் கீழே விழும், பசு பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளும். பாட்டைச் சொல்ல வேண்டாம், அந்த நான்கையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கன்றை உதைக்கும் பசுவாக நடிக்க எங்கள் வகுப்பில் அடிதடியே நடக்கும்.

மூன்றாவது வாரம் வெண்பனிக்கு வரலாம். இங்கே என் தேர்வு மிகக் குறைவு. ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் செய்த பனிமனிதன் கதையில் ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்கப் படம். மொழிபெயர்க்கும் தொல்லை இல்லை, பிள்ளைகள் தங்கள் தமிழிலேயே கதையைச் சொல்லிக்கொண்டு போவார்கள். இன்னொன்று எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் வெளியிட்ட 'தி ஸ்னோயி டே'. சிவப்பு உடுப்புப் போட்ட பீட்டர் என்ற சின்னப் பையன், வெளியே விளையாடிவிட்டு, நாளைக்கு வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போகிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த ஐஸ் கட்டி ஒன்றைச் சுருக்குப் பையில் போட்டு, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவோம். ஒரு மணி நேரம் கழித்து, பீட்டர் பையில் கைவிட்டால் என்ன இருக்கும் என்று கேட்டால், ஒருத்தன் "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான். ஒரு பெண், "அவங்கம்மா சட்டையத் தொவைக்கப் போட்டிருப்பாங்க" என்றாள். சுருக்குப் பையைத் திறந்து பார்த்தபோது ஈரம் மட்டும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால், பீட்டரின் வருத்தத்தை விளக்க வேண்டியதே இல்லை. ஆங்கில வரி மேல் தமிழை ஒட்டாதீர்கள், படத்தைப் பார்த்து நம் பேச்சில் சொன்னால் போதும்.

வெண்பனியைப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை என்று நினைக்காதீர்கள். வேறு எந்த மாவட்டத்தில் எப்படியோ, நம் வேலூரில் அப்படிச் சொல்லவே முடியாது. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அங்கே மட்டுமா, சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டாளத்து வீடு இல்லாத தெரு அபூர்வம். ஒரு வருடம் என் மாணவியின் தாத்தா, லடாக்கில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், வாசிப்பு மூலையில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார். பாட்டிலில் தண்ணீர் கல்லாகிவிடும், டின்னில் வரும் சாப்பாட்டை அடுப்பில் உருக்கித்தான் தின்ன வேண்டும், ஈரமான சாக்ஸோடு தூங்கினால் விரலே போய்விடும் என்றார். கேள்வி நேரத்தில் முதல் கேள்வி, "தாத்தா, வாயில போட்டுப் பாத்தீங்களா?" "போட்டேன்டா கண்ணு, ருசியே இல்ல, பல்லு கூசிச்சு." அன்றைக்கு மத்தியானம் எல்லா நோட்டிலும் பல் கூசுகிற தாத்தா படம்தான்.

அதேபோல, புத்தகத்துப் பையன் போட்டிருக்கும் முழங்கால் வரையான பூட்ஸைக் காட்டினேன். ஒருத்தி எழுந்து, "எங்கம்மா ஷூ கம்பெனில இதத்தான் தைக்கிறாங்க" என்றாள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் வேலையை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. நம் ஊரில் யாரும் போடாத செருப்பு, குளிர்தேசத்துக்குப் போவதற்காக இங்கே தைக்கப்படுகிறது. உங்கள் வகுப்பிலும் இரண்டு மூன்று அம்மாக்களாவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு கோலம். வெண்பனித் துகள் ஆறு முனை கொண்டது. காகிதத்தில் வெட்டும்போது நாம் சதுரத்தை மடித்து மடித்து நாலு முனையோ எட்டு முனையோ ஆக்கிவிடுகிறோம், கடை அலங்காரங்களிலும் இந்தத் தப்பு உண்டு. அது ஏன் ஆறு என்று 1611லேயே வானியல் அறிஞர் கெப்ளர் ஒரு சின்ன நூல் எழுதினார். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால் என்பது பிறகு தெரியவந்தது. 1885இல் வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி முதன்முதலில் ஒரு பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்தார். அதற்குப் பிறகு 5,000க்கும் மேல் எடுத்தார். சரி, இதற்கும் நமக்கும் என்ன? மார்கழியில் வாசலில் பெரிய கோலம் போடுகிறோமே, அதில் ஏழு புள்ளி, நாலு வரை இடைப்புள்ளி என்றால் எந்த அம்மாவுக்கும் தெரியும். நாலு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நாலு என்று வரிசை வைத்தால் மொத்தம் 37 புள்ளி. அதன் வெளி விளிம்பைக் கோடு போட்டு இணைத்தால் ஒழுங்கான அறுகோணம். நடுப்புள்ளியிலிருந்து ஆறு மூலைக்கும் கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டிலும் அதே போல இரண்டு கிளை வைத்தால், பென்ட்லி எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

இதை வகுப்புத் தரையில் சாக்பீஸால் போடுங்கள். இடைப்புள்ளி வைப்பதுதான் கஷ்டம், புள்ளிக்கு நேர் கீழே வைத்துவிடுவார்கள். "ரெண்டு புள்ளிக்கு நடுச்சந்துல வைடா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசிப்பில் பின்தங்கிய ஒரு சிறுமி, வாயைத் திறக்காதவள், என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, 37 புள்ளியையும் ஒரு முறைகூட நிமிராமல் வைத்துவிட்டு எழுந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மூலைக்கு அவள்தான் லீடர். காகிதம் வெட்ட வேண்டுமானால் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சமபாகமாக மடித்து, இன்னும் ஒரு தடவை பாதியாக்கி வெட்டினால் ஆறு முனை வரும்.

பெரியவர் கைபார்த்துச் செய்ய வேண்டியது ஒன்று: ஸ்டீல் டம்ளரில் மூன்று பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு போட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து வைத்தால், சற்று நேரத்தில் டம்ளர் மேல் வெள்ளைப் பூச்சுப் படியும். சுரண்டினால் நகத்தில் ஒட்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனி இதே வகைதான். ஈரக் கையோடு டம்ளரைப் பிடிக்க விடாதீர்கள்.

எதில் எனக்கு உறுதி, எதில் சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு வைத்து மூலையை மாற்றினால் பிள்ளைகள் அதிகமாகப் புத்தகம் எடுக்கிறார்கள், இது என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கண்டது. அதனால் வாசிப்பு நிலை கூடுகிறதா என்றால், அடித்துச் சொல்ல மாட்டேன். எடுப்பது வேறு, வாசிப்பது வேறு. தினமும் நாம் சத்தமாக ஒரு கதை வாசித்துக் காட்டும் வகுப்பில்தான் முன்னேற்றம் பார்த்திருக்கிறேன், அது தலைப்பால் வந்ததா நம் குரலால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. 'எந்த இரண்டு பனித்துகளும் ஒன்றுபோல் இருக்காது' என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கிளை விட்டு வளர்ந்த பெரிய துகளுக்கு அது ஏறக்குறையச் சரி, சின்னஞ்சிறு துகள்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். பென்குயினையும் துருவக் கரடியையும் ஒரே பனிக்கட்டியில் நிறுத்தும் சார்ட்டை மட்டும் சந்தேகமே இல்லாமல் கழற்றிவிடுங்கள். கரடி வடதுருவப் பக்கம், பென்குயின் தெற்கே, இரண்டும் சந்திப்பதே இல்லை. அவற்றுக்குப் பதில் கரண்ட் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கே குளிர் ஏறும்போது கிளம்பி வந்த தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பங்குனி, சித்திரைக்குள் போய்விடும்.

மூலையைப் பற்றிச் சில நடைமுறை. கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும், புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் ராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் வந்துவிடும். கயிற்றில் அட்டை முன்பக்கம் தெரியும்படி தொங்கவிடுங்கள். ஒரு நேரத்தில் 15 புத்தகம் போதும், வாரம் நாலைந்தை மாற்றுங்கள். சிமெண்ட் தரை காலையில் சில்லென்று இருக்கும், பாய்க்குக் கீழே சாக்கு விரியுங்கள், வீட்டில் பழைய போர்வை ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள். ஒரே போர்வைக்குள் மூன்று தலை, ஒரு புத்தகம் என்று உட்காருவதற்காகவே வருவார்கள். அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: டிசம்பர் பாதியில் அரையாண்டுத் தேர்வு, அப்புறம் விடுமுறை, திரும்பி வந்தால் பொங்கல். எனவே கார்த்திகைக் கடைசியிலேயே நம் ஊர்ப் பனியை ஆரம்பித்து, வெண்பனியை ஜனவரிக்குத் தள்ளுங்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம் எருது விடும் திருவிழாப் பேச்சைத் தவிர எதுவும் எடுபடாது. அந்த வாரம் பனியை மடக்கி வைத்துவிட்டு மாட்டுக் கதைகளைத் தொங்கவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக அந்த எட்டுப் பக்க நோட்டுகள். ஜனவரிக் கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் தேர்ந்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு 'எங்க ஊர்ப் பனி' என்று ஒரு புத்தகம் ஆக்குவோம். போன வருடத்ததில் பதினோராம் பக்கத்தில் ஒரு எருமை, அதன் முதுகில் நீல கிரேயானால் புள்ளி புள்ளியாகப் பனி, கீழே கோணல் எழுத்தில் "எருமைக்கு குளிறும்". ஒற்றையும் விட்டிருக்கிறான், ரகரத்திலும் தப்பு. திருத்தாமல் விட்டேன். அட்டை கிழிந்து இரண்டு தடவை ஒட்டியாகிவிட்டது, அந்தக் கயிற்றில் அவ்வளவு கிழிந்த புத்தகம் வேறு இல்லை.